அண்ணத்துக்காரர் என்றொருவர்

சதையை மெழுகில் புதைத்து, மெழுகு இறுகியதும் அதைக் கத்தியில் சீவி, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஏடாக எடுப்பது அவளுடைய வேலை. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் ஏடு. சுற்றிக்கொண்டே போனால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீளும். அந்த நாடாவைத் தூரிகை நுனியால் தூக்கி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். சுருக்கம் விரிந்ததும் அடியில் கண்ணாடித் துண்டை நீட்டி ஏந்திக்கொள்ள வேண்டும். மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டால் போதும், யாருடைய கட்டியோ காற்றில் பறந்து மேசைக்கு அடியில் போய்விடும்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத பயாப்ஸி லேபில், இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவளே சொல்லுவாள். அடக்கம் என்ற பெயரில் உண்மையை மறைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். டிப்ளமோ சான்றிதழைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருந்தாள். "கூடத்துல மாட்டினா வர்றவங்க பார்ப்பாங்க. இங்க மாட்டினா நான் பார்ப்பேன்" என்பாள். லேபில் எல்லோரும் அவளைக் கத்தி அக்கா என்றார்கள். அவள் வெட்டிக் கொடுக்கும் ஏடுகளுக்கு நீலமும் ரோஜா நிறமும் ஏற்றுகிற இளம்பெண்ணுக்குச் சாயம் என்று பெயர். அந்தப் பெண்ணின் விரல்கள் எந்நேரமும் ஊதா நிறத்தில் இருக்கும்.

சாயம்தான் அதை முதலில் பார்த்தாள். தேநீர் நேரத்தில், கத்தி அக்காவின் முகத்தைத் தலைசாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு பக்கமா வாயில என்னத்த ஒதுக்கி வெச்சிருக்கீங்க? எங்களுக்கும் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. பல்லு வீக்கம்."

"பல்லு காதுக்குக் கீழயா முளைக்கும்?"

இடது காது மடலுக்குச் சற்றுக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், கோலிக்குண்டு மாதிரி ஒன்று. தொட்டால் நழுவும், வலிக்காது. அது அங்கே இருப்பது அவளுக்கு வெகுநாளாகத் தெரியும். காலையிலிருந்து மாலைவரை ஊரார் கட்டிகளை வெட்டுகிறவளுக்குத் தன் கட்டியை மட்டும் பல் வீக்கம் என்று நம்ப மனம் வந்திருந்தது. முடியை அந்தப் பக்கம் கொஞ்சம் தளரப் பின்னிக்கொண்டால் போயிற்று.

சாயம் நேராகப் பெரிய டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டாள். கண்ணாடித் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். லேபுக்கே தலைவர். அவளை அங்கே வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். விரல் நுனியால் கட்டியை அழுத்திப் பார்த்தார்.

"கண்ணை இறுக்கி மூடு. ம். பல்லைக் காட்டு. இப்ப விசில் அடி."

"விசிலா?"

"அடிம்மா. முகத்துக்குப் போற நரம்பு அந்த இடத்துல உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளதான் ஓடுது. அது சரியா இருக்கான்னு பார்க்கணும்."

அவள் உதட்டைக் குவித்து அடித்தாள். சின்ன வயதிலேயே நன்றாக அடிப்பாள். லேபே திரும்பிப் பார்த்தது. "அக்கா, இவ்வளவு நாள் இதை மறைச்சு வெச்சிருந்தீங்களே" என்று சாயம் கைதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மெல்லிய ஊசியால் பெரிய டாக்டரே கட்டியைக் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். "இதை வெளி லேபுக்கு அனுப்பிடறேன். நம்ம வழக்கம் தெரியும்ல?" என்றார்.

தெரியாமலா? எங்கும் எழுதி ஒட்டாவிட்டாலும் லேபில் அது சட்டம். அங்கே வேலை செய்கிறவர்களின் சதை அங்கே வெட்டப்படாது, வேறு இடத்துக்குப் போகும். தன் நோயைத் தன் கையாலேயே ஏந்திக் கண்ணாடியில் வைக்கிற நிலை யாருக்கும் வரக் கூடாது என்று பெரிய டாக்டரே கொண்டுவந்த வழக்கம் அது. அதற்காகவே அவர் மேல் அவளுக்குத் தனி மரியாதை.

சில நாட்களில் பதில் சொன்னார். "சாதாரணக் கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல. எதுக்கும் கொஞ்சம் தடிச்ச ஊசியில ஒரு துண்டு சதை எடுத்துடலாம். ஆபரேஷன் பண்றவருக்கு வசதியா இருக்கும்." ஸ்கேன் அறையில் படம் பார்த்துக்கொண்டே துண்டை எடுத்தார்கள். அதுவும் வெளியேதான் போகிறது என்றார். அவள் கழுத்தில் பிளாஸ்திரியோடு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

வீட்டில்தான் ஏதோ காற்று மாறியிருந்தது. நாத்தனார் வந்து இறங்கினாள். கணவனின் அக்கா. வந்தால் முதல் நாள் குழம்பில் உப்பையும், இரண்டாம் நாள் வீட்டில் தூசியையும், மூன்றாம் நாள் அவள் வேலைக்குப் போவதையும் குறை சொல்லி, நான்காம் நாள் கோபித்துக்கொண்டு கிளம்புவது அவளுடைய ஒழுங்கு. இந்தத் தடவை வாரம் தாண்டியும் குரல் உயரவில்லை. "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"உங்க அக்காவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று அவள் கணவனிடம் கேட்டாள். "ஏன்?" "சண்டையே போட மாட்டேங்கறாங்க."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கையால் ஏறி இறங்குகிறவை. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் லிஃப்டும் அவர் பொறுப்புத்தான். அவருக்குப் பொய் வராது என்பது அவள் கல்யாணமான நாளிலிருந்து நம்பிவந்த விஷயம். மனதில் இருப்பது முகத்தில் வந்து நிற்கும். அந்த மனிதர் இப்போது சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். அவள் பேசும்போது டிவியை அணைத்தார். வயது ஏற ஏற மனிதர் கனிகிறார் என்று அவள் உள்ளூரப் பூரித்துப்போனாள்.

அந்த வாரத்தில்தான் அண்ணத்துக்காரர் வந்தார்.

காலையில் பெரிய டாக்டர் ஒரே ஒரு மெழுகுக் கட்டியைத் தன் கையாலேயே எடுத்துவந்து அவள் மேசையில் வைத்தார். கூட வந்த சீட்டில் ஆண், ஐம்பத்தைந்து வயது, அண்ணம் என்று இருந்தது. வாயின் மேற்கூரையிலும் சின்னச் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. அங்கே கட்டி போலிருக்கிறது.

"இதை நீதான் வெட்டணும். சாயத்துக்கிட்ட பழகக் குடுத்துடாதே. ஊசியில எடுத்தது, நூல் மாதிரி இருக்கு. ஒரு ஏடு வீணாகக் கூடாது. முதல் சுற்றுலேருந்து எல்லாத்தையும் எடு."

அவள் கட்டியைப் பனிக்கட்டித் தட்டில் குளிரவைத்தாள். புது அலகு மாட்டினாள். மெழுகுக்கு நடுவே சதை உண்மையிலேயே ஒரு தையல் நூலின் அறுந்த துண்டு மாதிரி கிடந்தது. சாதாரணமாக மேல் மெழுகைச் சீவித் தள்ளும்போதே இதில் பாதி போய்விடும். அவள் அப்படிச் செய்யவில்லை. கைப்பிடியை ஊர வைத்தாள். பெரிய டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேயிருந்தார்.

"தள்ளிப் போங்க டாக்டர். பந்தியில பரிமாறுறவன் பின்னாடி நிக்கற பெண் வீட்டுக்காரர் மாதிரி நிக்கறீங்க. கை நடுங்குது."

அவர் போகவில்லை. சாயம் அன்றைக்குக் கழிவறைக்குப் போய்ப் போய் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ஜலதோஷம் என்றாள்.

நாடா அறுந்துவிடாமல் வந்தது. அவள் வாழ்நாளில் வெட்டியதிலேயே நல்ல வெட்டு. சாயம் ஏற்றி எடுத்ததும் பெரிய டாக்டர் இரட்டைத் தலை நுண்ணோக்கியில் எதிரே உட்கார்ந்து பார்க்க அவளையும் கூப்பிட்டார். அடர்நீலத்தில் சின்னச் சின்ன செல்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. கூட்டத்தின் ஓரத்தில் வேலி கட்டிய மாதிரி ஒரு வரிசை. நடுநடுவே ரோஜா நிறத்தில் பசை.

"அழகா இருக்கு டாக்டர்" என்றாள். மனதில் பட்டதைச் சொன்னாள்.

"இதுல ரெண்டு பேர் ஒளிஞ்சிருக்கலாம்" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "ஒருத்தன் சாது. அபூர்வமா வருவான். தன் உறைக்குள்ள இருந்துக்கிட்டு மெதுவா வளருவான். சுத்தியிருக்கற கொஞ்சம் சதையோட எடுத்துட்டா கதை முடிஞ்சுது. இன்னொருத்தன் கெட்டவன். நரம்பைப் பிடிச்சுக்கிட்டே ஊர்ந்து போவான். எடுத்தாலும் வருஷம் கழிச்சு வேற எங்கயாவது தலை நீட்டுவான். இந்தத் துண்டுல ரெண்டு பேரும் ஒரே ஜாடையில இருக்காங்க."

"எப்படித்தான் பிரிக்கறது?"

"எல்லையைப் பார்க்கணும். உறைக்குள்ளயே இருக்கானா, தாண்டி வெளிய போயிட்டானான்னு. இந்த நூலுக்கு ஏது எல்லை? கூடுதல் சாயம் சிலது போட்டுப் பார்க்கலாம். சாதுப் பக்கம் சாயற மாதிரிதான் தோணுது. ஆனா முழுசா எடுத்துப் பார்த்தாத்தான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும்."

"பாவம் டாக்டர் இந்த மனுஷன். வீட்டுல சொல்லிட்டாங்களா?"

"வீட்டுக்குத் தெரியும்."

"அவருக்கு?"

பெரிய டாக்டர் கண்ணாடித் துண்டை நகர்த்தினார். "இன்னும் இல்ல."

"அது தப்பு டாக்டர். அவரோட வாய். அவருக்குத் தெரியாம ஊருக்கெல்லாம் தெரியறது என்ன நியாயம்? நீங்களாவது சொல்லச் சொல்லக் கூடாதா?"

அவர் குனிந்து நுண்ணோக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். திருக ஒன்றும் இல்லை, படம் தெளிவாகத்தான் இருந்தது. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ராத்திரி சோறு பரிமாறிக்கொண்டே கணவனிடம் சொன்னாள். "இன்னிக்கு ஒரு ஆளு. எனக்குச் சாதாரணக் கட்டி, தப்பிச்சேன். அவருக்கு எதுன்னு தெரியாம ஊசலாடுது. அவருக்கே தெரியாதாம், பாருங்களேன்." கணவன் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். பிறகு, "நல்லாயிடுவாரு, கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டதாக முணுமுணுத்தபடி எழுந்து மாடிக்குப் போனார். நாத்தனார் திடீரென்று அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அதன்பின் தினமும் லேபில் அவளுடைய முதல் கேள்வி "நம்ம அண்ணத்துக்காரர் என்ன ஆனாரு?" என்பதுதான். முகம் தெரியாத அந்த மனிதருக்கு அவள் மனதில் ஓர் உருவம் வந்திருந்தது. கொஞ்சம் வழுக்கை. வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நாக்கால் மேல் வாயைத் தடவிப் பார்க்கிற பழக்கம். பேத்தி ஒருத்தி இருக்கலாம். மாலையில் மெழுகு உருக்கும் பெட்டியை அணைக்கும்போது, அந்த ஆள் சாதுப் பக்கமே சாயட்டும் என்று ஒரு நொடி வேண்டிக்கொள்வாள். தனக்கென்று எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. சாதாரணக் கட்டிக்கு என்ன வேண்டுதல்?

அவளுடைய ஆபரேஷன் நாள் வந்தது. சர்ஜன் கலகலப்பான ஆள். தாளில் காது வரைந்து, காதுக்குப் பின்னாலிருந்து ஒரு நரம்பு வந்து சுரப்பிக்குள் நுழைந்து ஐந்து கிளையாகப் பிரிவதைக் காட்டினார். நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று ஆளுக்கொரு கிளை. "உங்க கட்டி இதுக்கு மேலாப்புல உட்கார்ந்திருக்கு. முதல்ல நரம்பைக் கண்டுபிடிச்சு, கிளை கிளையா ஒதுக்கிக்கிட்டு, சுத்தியிருக்கற சுரப்பியோட சேர்த்து எடுப்போம். கட்டியை மட்டும் நோண்டி எடுத்தா உறை கிழிஞ்சு திரும்ப வரலாம்."

"முகம் கோணிடுமா டாக்டர்?"

"ஒரு ஓரம் கொஞ்ச காலம் தூங்கலாம். எழுந்துடும்."

"சாதாரணக் கட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று அவள் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். சர்ஜன் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு கூடவே சிரித்தார். "டாக்டர் சொன்னா கேட்டுக்கோயேன்" என்றார் கணவன்.

கண் விழித்தபோது காதுக்கு முன்னே தொடங்கி மடலைச் சுற்றிக் கழுத்துக்கு இறங்கிய தையல், அதன் முனையில் ரத்தநீர் வடிய ஒரு குழாய். கண் மூடியது, நெற்றி சுருங்கியது. இடது கீழ் உதடு மட்டும் அசைய மறுத்தது. சிரித்தால் வலது பக்கம் இறங்கியது, இடது பக்கம் யாருக்கு வந்த விருந்தோ என்று கிடந்தது. தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிந்தது. காது மடல் மரத்துப்போய், தோட்டைத் திருகினால் வேறு யாருடைய காதையோ திருகுகிற மாதிரி இருந்தது. எல்லாம் சொன்னபடிதானே என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

தையல் பிரித்த பிறகு, முடிவு சொல்ல சர்ஜன் வரச் சொன்னார். கணவனும் கூட வந்தார். உள்ளே நுழைந்ததுமே சர்ஜன் எழுந்து கை நீட்டினார்.

"இனிப்பு வாங்கிட்டு வந்தீங்களா? நல்ல செய்தி. சாதுதான். கட்டி அபூர்வம், குணம் தங்கம். உறை கிழியாம முழுசா வந்திருக்கு. எல்லையைத் தாண்டல, நரம்புப் பக்கம் ஒண்ணுமே இல்ல. கரண்டு வைக்கறது, மருந்து ஏத்தறது, ஒண்ணும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க."

கணவன் நாற்காலியிலேயே இரண்டாக மடிந்து ஓவென்று அழுதார். மாமனார் இறந்தபோதுகூட அவர் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

"என்னங்க இது? எதுக்கு இப்படி? சாதாரணக் கட்டின்னு முதல்லயே சொன்னதுதானே?" என்று அவர் முதுகைத் தட்டினாள்.

"விடுங்க, அழட்டும்" என்றார் சர்ஜன். "இத்தனை நாள் அடக்கி வெச்சிருந்தது. உண்மையில உங்க தைரியம்தாம்மா பெரிசு. உங்க டாக்டர் சொன்னாரு. ஊசியில எடுத்த அந்தத் துண்டை நீங்களே வெட்டினீங்களாமே? கெட்டதா இருக்கலாம்னு தெரிஞ்சுக்கிட்டே தன் சதையைத் தானே வெட்டறதுன்னா! எனக்கா இருந்தா கை கால் ஆடிப்போயிருக்கும்."

அவள் கை கணவனின் முதுகிலேயே நின்றுவிட்டது.

"எந்தத் துண்டு டாக்டர்?"

"அதான், நூல் மாதிரி..." சர்ஜன் பாதியில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். கணவனின் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். கணவனின் அழுகை சட்டென்று நின்றது. அந்த நின்ற விதத்தில் அவளுக்கு மிச்சமும் விளங்கிவிட்டது.

அந்த மாதத்தில் நூல் மாதிரித் துண்டு லேபுக்கு ஒன்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் ஊசியிலேருந்து" என்றார் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுலயே சந்தேகம்னு டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாரு."

"உங்க அக்காவுக்கு?"

"நான்தான் வரச் சொன்னேன். வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்னு."

"சாயத்துக்கு?"

"அந்தப் பொண்ணுதான் டாக்டருக்கு என் நம்பரைக் குடுத்துச்சு."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"உன் நல்லதுக்குத்தாம்மா. நீ அந்த லேபுலயே இருக்கறவ. கெட்டது என்னவெல்லாம் பண்ணும்னு உனக்கு அத்துப்படி. நீ தூங்காம சாப்பிடாம கிடந்தா நான் எப்படிப் பார்க்கறது?"

"நான் சோறு போட்டுக்கிட்டே அந்த ஆளைப் பத்திச் சொன்னேன். நல்லாயிடுவாரு, கவலைப்படாதேன்னீங்க. யாரைங்க சொன்னீங்க?"

அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்த முடியவில்லை. தூங்குகிற உதட்டில் 'ப'வும் 'ம'வும் காற்றாகக் கசிந்தன. 'பாவி' என்று சொன்னால் பாதி எழுத்து எச்சிலோடு வெளியே போயிற்று. வாழ்நாளில் திட்டியே ஆக வேண்டிய ஒரு நாளில் திட்ட வாய் ஒத்துழைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அவளுக்கு முதல் முறையாக அழுகை வந்தது.

நாத்தனார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே. இன்னும் என்ன? நல்ல சேதி வந்த வீட்டுல இப்படியா ஒப்பாரி வைப்பாங்க? குழம்புல உப்பு வேற அள்ளிக் கொட்டியிருக்கே காலையில." மறுநாள் கிளம்பிப் போனாள். அந்த வீட்டில் நடந்ததில் அது ஒன்றுதான் நேர்மையாகப் பட்டது அவளுக்கு.

தனியாக உட்கார்ந்தபோது வேறொன்று வந்து தாக்கியது. அண்ணத்துக்காரர் இல்லை. அந்த வழுக்கை இல்லை, பேத்தி இல்லை. மாலைதோறும் அவள் வேண்டிக்கொண்ட ஆள் பிறக்கவே இல்லை. துரோகம் செய்தவர்கள் எதிரே இருக்கிறார்கள், பேசலாம், பேசாமல் இருக்கலாம். இல்லாத மனிதரை என்ன செய்வது? சாவு வீட்டுக்குப் போனால், அங்கே செத்தவரே இல்லாத மாதிரி இருந்தது.

விடுப்பு முடிந்து லேபுக்குப் போனாள். சாயம் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, சொல்லணும்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. டாக்டர் சத்தியம் வாங்கிட்டாரு." அவள் அந்த ஊதா விரல்களை ஒவ்வொன்றாகத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். "ஜலதோஷம் சரியாயிடுச்சாடி?" என்று மட்டும் கேட்டாள்.

பெரிய டாக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே பேசினார்.

"வெளி லேபுக்குத்தான் அனுப்பறதா இருந்தேன். சத்தியமா. ஆனா துண்டு அவ்வளவு சின்னது. அங்க எவனாவது சீவித் தள்ளிட்டான்னா உனக்கு மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. இந்த ஊர்ல அந்த நூலைச் சேதாரமில்லாம வெட்டக்கூடிய கை ஒண்ணுதான் இருக்கு. உன் உயிரை நான் வேற யார் கையில குடுப்பேன்? உன் கட்டின்னு தெரிஞ்சிருந்தா உன் கை நடுங்கியிருக்கும். அதான் சீட்டை..."

"நடுங்கியிருக்கும்தான்" என்றாள். "நடுங்கிக்கிட்டே வெட்டியிருப்பேன். இல்ல, மாட்டேன்னு சொல்லியிருப்பேன். ரெண்டுல எதுன்னு எனக்கே இனிமே தெரியப் போறதில்ல டாக்டர். அதையும் சேர்த்து எடுத்துட்டீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதிர்ல உட்கார வெச்சுக் காட்டினீங்களே. அவருக்குத் தெரியாம இருக்கறது தப்புன்னு நான் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்."

"திறந்திருக்கலாம்" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்க வந்தது தெரிந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த மெழுகுக் கட்டியை எடுத்துவரச் சொன்னாள். சீட்டில் இருந்த ஆண், ஐம்பத்தைந்து, அண்ணம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு அவள் பெயரையும் வயதையும் இடது காதடியையும் அவர் கையாலேயே எழுதச் சொன்னாள். எழுதினார். பார்த்தாள். பிறகு தன் மேசைக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள்.

வேலையை விடுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். ஏன் விட வேண்டும்? அந்தக் கை அவளுடையது, அவர்கள் கொடுத்ததில்லை. ஆனால் முன்பு மாதிரி இல்லை. எந்தக் கட்டி வந்தாலும் சீட்டைப் படித்துவிட்டு, "நிஜமாவே ஆளு இருக்காரா?" என்று கேட்பாள். முதலில் சாயம் அதைப் பகடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. தேநீர் நேரத்தில் கத்தி அக்கா தன் டம்ளரைத் தன் மேசைக்கே எடுத்துப் போய்விடுவாள்.

எல்லோருக்கும் இப்போது அவளுடைய உதட்டின் மேல்தான் கவலை. வீட்டில் கணவன் தினமும் காலையில் முகத்துக்கு எதிரே வந்து நிற்பார். "எங்க, ஒரு தடவை சிரி பார்ப்போம்." அவள் சிரித்துக் காட்டுவாள், ஒரு பக்கமாக. "கோபத்துல சிரிக்கலையா, வரலையா?" என்று கெஞ்சுவார். "ரெண்டும்" என்பாள். பெரிய டாக்டர் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "வந்துடும், கொஞ்சம் பொறு" என்பார். சாயம் வீட்டிலிருந்து கண்ணாடி கொண்டுவந்து, எதிரே உட்கார்ந்து உதட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள்.

ஒருநாள் வேலைக்கு வந்தவள் லிஃப்டில் தனியாக நின்றாள். கதவு மூடியது. அடித்தளத்துக்கான பொத்தானை அழுத்தினாள். கணவன் துடைத்துப் பராமரிக்கும் அந்த எஃகுச் சுவர் கண்ணாடியாகப் பளபளத்தது. அதில் தன் முகத்தைப் பார்த்து, பழக்கத்தில், சிரித்துப் பார்த்தாள். இடது பக்கமும் இறங்கியது.

இன்னொரு தடவை சிரித்தாள். இரண்டு பக்கமும். கீழ்ப்பற்கள் வரிசையாகத் தெரிந்தன. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள். முதலில் காற்று மட்டும் வந்தது. மறுபடி குவித்து ஊதினாள். நீளமாக, சுத்தமாக, பழைய விசில். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அது சுவருக்குச் சுவர் மோதி அவளிடமே திரும்பி வந்தது. தன் உடம்பைப் பற்றி இந்த உலகத்தில் அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு செய்தி. கணவனுக்குத் தெரியாது. நாத்தனாருக்குத் தெரியாது. பெரிய டாக்டருக்குத் தெரியாது.

லிஃப்ட் நின்றது. கதவு திறப்பதற்குள் இடது உதட்டை அதன் பழைய இடத்தில் தூங்க வைத்தாள்.

வெளியே சாயம் தட்டில் கண்ணாடித் துண்டுகளோடு காத்திருந்தாள். "அக்கா, யாரோ விசிலடிச்ச மாதிரி கேட்டுச்சே?"

"லிஃப்டு கத்துது" என்றாள் அவள், கோணலாக. "வீட்டுக்காரர்கிட்ட சொல்லி எண்ணெய் போடச் சொல்றேன்."

"வாய் எப்படிக்கா இருக்கு இன்னிக்கு?"

"அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நடந்து போய், மேசையில் காத்திருந்த மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டித் தட்டில் வைத்தாள்.